எல்லாக் குரலுக்கும் இடம் உண்டு

கல்விக்கூடத்தில் இசை என்றவுடன் நம் கண்முன் தோன்றும் காட்சி பெரும்பாலும் ஒன்றே. காலை வணக்கத்தின்போது முன்னே நின்று பாடும் நால்வர். ஆண்டு விழா மேடையில் பரிசு பெறும் ஒருவர். எஞ்சிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கைகட்டி நின்று கேட்போர். குரல்வளம் உடையவர்க்கே இசை உரியது, மற்றவர்க்குக் கைதட்டுதலே உரியது என்னும் எண்ணம் நம்முள் ஆழ வேரூன்றிவிட்டது. பாடற்குழுவில் நிற்கும் சிறுவன் ஒருவனின் சுருதி சற்றே விலகினால், "நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசைத்தால் போதும்" என்று சொல்வது நம் பள்ளிகளுக்குப் புதிதன்று. அன்று வாய் மூடிய பிள்ளை பின்னர் வாய் திறப்பது அரிது.

இந்நிலையை மாற்றவல்லது சேர்ந்திசை வகுப்பு. பலர் கூடிப் பாடுவதும், பலர் கூடிக் கருவிகளை இசைப்பதும் பாடத்திட்டத்தின் பகுதியாக அமைவதையே இங்குக் குறிப்பிடுகிறோம். பெருநகரங்களின் செல்வர் பள்ளிகளுக்கே இது இயலும் என்று எண்ணுவோர் உளர். வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியிலுள்ள கணியம்பாடி போன்ற ஊர்களுக்கும், உழவையும் தோல் தொழிலையும் நம்பி வாழும் குடும்பங்களுக்கும் இது எவ்வாறு பொருந்தும் என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

சேர்ந்திசை என்பது யாது?

ஐம்பது பேர் ஒரே மெட்டை ஒரே குரலில் பாடுவது சேர்ந்திசையின் முதற்படி. அடுத்த படியில் குழு பிரிகிறது. ஒரு பிரிவினர் மெட்டைப் பாட, மற்றொரு பிரிவினர் அதற்கு இயைந்த வேறு சுரங்களைப் பாடுவர். இரண்டும் மோதாமல் கலந்து, தனி ஒருவரால் எழுப்ப இயலாத ஒலி பிறக்கும். மேலை நாட்டுக் கோவில்களில் பல நூற்றாண்டுகளாக வளர்ந்த முறை இது. நம் மரபிசையோ ஒற்றை மெட்டின் நுட்பத்தில் தன் அழகைக் கண்டது. ஆகவே தமிழ்ப் பாடலைப் பல குரல்களாகப் பிரித்துப் பாடினால் அதன் இயல்பு கெடுமே என்று ஐயுறுவோரும் இருந்தனர்.

அவ்வையத்திற்குச் செயலால் விடை தந்தவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். 1925 இல், நமக்கு அண்மையிலுள்ள சித்தூர்ப் பகுதியில் பிறந்தவர். 'பாதை தெரியுது பார்' (1960), 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) முதலிய திரைப்படங்களுக்கு இசை அமைத்தவர். 1961 இல் கே.ஜே. யேசுதாசைத் திரைக்கு முதன்முதலாகப் பாடவைத்தவரும் அவரே. நாடு போற்றும் தனிக்குரல் ஒன்றை அறிமுகம் செய்த அம்மனிதர், புகழ் தரும் அவ்வழியோடு நிற்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவினார். பாரதியார் பாடல்களையும் பிற இந்திய மொழிப் பாடல்களையும் பல அடுக்குக் குரல்களுக்காக அமைத்தார். ராகத்தின் சாயல் கெடாமலே குரல்கள் பிரிந்து கூட முடியும் என்பதை அக்குழு மேடைதோறும் காட்டியது. 1980-களில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, பள்ளிப் பிள்ளைகள் பல மொழிப் பாடல்களை ஒன்றாகப் பாடும் திட்டத்தை நடத்தியபோது, ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதில் அவர் பெரும்பங்கு ஏற்றார். 1988 மார்ச் 9 ஆம் நாள் இலட்சத்தீவில் காலமானார். அவர் தொடங்கிய குழு அவருக்குப் பின்னும் பாடியது.

அவர் பணியாற்றியது தேர்ந்த பாடகர்களோடு மட்டும் அன்று என்பதே நாம் கருதத்தக்கது. சாதாரண இளைஞரும், ஒரு நாளும் இசை பயிலாத பள்ளி ஆசிரியரும் அவரிடம் பாடக் கற்றனர்.

ஏழைச் சிறுவர் கையில் வயலின்

குரலுக்குச் செலவில்லை, கருவிகளுக்கோ பெரும்பொருள் வேண்டுமே என்று வினவலாம். வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. சிறந்த சிறுவர் வாத்தியக் குழுக்கள் சில, ஆதரவற்றோர் இல்லங்களிலேயே பிறந்தன. 1703 இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அதே ஆண்டில் வெனிசு நகரத்து அனாதை இல்லம் ஒன்றில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். பெற்றோர் கைவிட்ட பெண்பிள்ளைகளே அவர்தம் மாணவியர். திரைக்கம்பிகளுக்குப் பின்னே அமர்ந்து அவர்கள் இசைத்ததைக் கேட்க ஐரோப்பாவின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர்.

நம் நாட்டிலும் அத்தகைய முயற்சி நிகழ்ந்தது. மேற்கு வங்கத்தின் காலிம்பாங் மலைநகரில் கனடா நாட்டு இயேசு சபைக் குரு எட்வர்டு மெக்கயர் 1993 இல் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. கட்டணம் இல்லை, உணவு உண்டு, அத்துடன் பிள்ளைகள் கையில் வயலின் உண்டு. திறமை கண்டு சிலரைப் பொறுக்கி எடுக்காமல், கணக்கையும் மொழியையும் போல் வயலினையும் பொதுப்பாடமாக்கியதே அப்பள்ளியின் சிறப்பு. மெக்கயர் அடிகளார் 2005 இல் மறைந்தார். அவர்தம் மாணவருள் சிலர் ஐரோப்பா வரை சென்று இசை பயின்றனர். எனினும், வாத்தியக் குழுவில் ஒருவராய் அமர்ந்து பழகிய மற்றப் பிள்ளைகளே அம்முயற்சியின் பெரிய பயன் எனலாம். சென்னையிலும் ஏ.ஆர். ரகுமானின் அறக்கட்டளை, வசதியற்ற பிள்ளைகளுக்குக் கட்டணமின்றித் தந்தி வாத்தியம் பயிற்றுவித்து 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தது.

வயலின் நமக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டா. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய இசைஞரிடம் அதனைக் கற்று நம் இசைக்கு இயைவித்தார். இரு நூற்றாண்டுகளுக்குள் அது நம் கச்சேரி மேடையின் பிரிக்க இயலாத உறுப்பாயிற்று. நல்லதை ஏற்றுத் தன்னதாக்கிக்கொள்ளும் ஆற்றல் தமிழிசைக்கு என்றும் உண்டு.

தோல் நம்முடையது; தாளம் யாருடையது?

கருவிகளைப் பற்றிப் பேசும்போது நம் பகுதிக்கே உரிய உண்மையொன்றை மறத்தல் ஆகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விசாரம் என்று நீளும் இப்பகுதியில் தோலை அறியாத குடும்பம் குறைவு. ஆவாரம்பட்டைத் துவரில் தோல் பதனிட்ட காலம் முதல் இன்றைய காலணித் தொழிற்சாலைகள் வரை, தோலின் குணம் இங்குள்ளோர் விரல் நுனியில் இருக்கிறது. மிருதங்கத்திற்கும் தோலே உயிர். பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றின் தோலும் அதில் சேர்கின்றன. இசைக்கருவிக்கு வேண்டிய தோல் பதனிடப்படுவதில்லை. மயிர் நீக்கி, உலர்த்தி, இழுத்துக் கட்டப்படும் பச்சைத்தோலே நாதம் தரும். பறையையும் தீயில் காய்ச்சியே அடிப்பர்.

ஆயினும் தோலைத் தொட்டவரும் தாளத்தை இசைத்தவரும் நெடுங்காலம் ஒரே வரிசையில் அமரவில்லை. மிருதங்கம் செய்யும் கைவினைஞரைப் பற்றி இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா 2020 இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூலை எழுதினார். தஞ்சைச் செபஸ்தியானின் வழிவந்தோர் உட்பட, அவர்களுள் பலர் தலித் கிறிஸ்தவர் என்பதை அந்நூல் விளக்குகிறது. மேதைகள் வாசித்த மிருதங்கத்தை உருவாக்கிய கைகளுக்கு மேடையில் இடமில்லை. பறையடித்த கைகளுக்கு ஊருக்குள்ளேயே மதிப்பில்லை.

இவ்வநீதியைக் களையப் பள்ளியின் இசை வகுப்பு சிறந்த இடம். வயலினுக்கும் ஆர்மோனியத்திற்கும் பக்கத்தில் பறையும் மிருதங்கமும் ஒரே மதிப்போடு வைக்கப்பட்டு, எந்தப் பிள்ளையும் எதையும் எடுக்கலாம் என்ற நிலை வருமானால், அது பாட்டு வகுப்பு மட்டுமன்று; சமத்துவ வகுப்பும் ஆகும். 1963 டிசம்பர் 4 ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம், மக்களின் மரபிசையை வழிபாட்டில் மட்டுமன்றிப் பள்ளிகளிலும் வளர்க்குமாறு கூறியதை இங்கு நினைவுகூரலாம்.

எவ்வாறு தொடங்குவது?

கருவி வாங்கிய பிறகே தொடங்குவோம் என்று காத்திருத்தல் வேண்டா. குரலோடு தொடங்கலாம். ஆசிரியர் தம் குரலுக்கு வசதியான சுருதியைப் பிடிக்காமல், பிள்ளைகளின் குரலுக்கேற்ற சுருதியைத் தேர்தல் வேண்டும். கத்திப் பாடுவதை ஊக்குவித்தல் கூடாது. அருகிலிருப்பவன் குரல் தன் காதில் விழும் அளவிற்கே ஒவ்வொருவரும் பாட வேண்டும்.

முதலில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடட்டும். அது நிலைத்தபின் வகுப்பை இரண்டாக்கி, ஒரு பகுதியினர் தம்புராவைப் போலச் சட்சமத்தையும் பஞ்சமத்தையும் நீட்டி நிற்க, மறுபகுதியினர் பாடட்டும். அடுத்து, ஒரு குழு முதலடியை முடிக்கும்போது மறு குழு அவ்வடியைத் தொடங்கும் முறை. இம்மூன்றும் கைவந்தால் இரு குரல் பாடல் எளிதாகும். கைத்தட்டலும் பறையும் தாளம் காக்கும். பின்னரே, இயன்ற அளவில், ஆர்மோனியம், புல்லாங்குழல், வயலின் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

சுருதி சேராத பிள்ளையை என் செய்வது? அப்பிள்ளைக்குத் தொண்டையில் குறையிருப்பது அரிது. தன் குரலைத் தானே கேட்கும் பழக்கம் வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அவனுக்கு எளிதாக வரும் சுரம் ஒன்று இருக்கும். ஆசிரியர் அதைக் கண்டு தாம் அங்கு இறங்கி வந்து, அங்கிருந்து மெல்ல அழைத்துச் செல்ல வேண்டும். நன்கு பாடும் இருவருக்கு நடுவே அவனை நிறுத்தலாம். குரல் உடையும் பருவத்துச் சிறுவரைக் குழுவிலிருந்து நீக்காமல், கீழ்க்குரலையோ தாளத்தையோ அவர்களிடம் ஒப்படைக்கலாம்.

ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் நூற்றுவர் என்றால் மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கட்டும். இது நம் நாட்டு முறையே. 1789 இல் சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் பள்ளியைக் கண்காணிக்க வந்த ஆண்ட்ரு பெல் என்னும் குரு, உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அவர் அங்கு வகுத்த, மாணவரே மாணவர்க்குக் கற்பிக்கும் முறை, 'சென்னை முறை' என்ற பெயரோடு இங்கிலாந்து வரை பரவியது. வெனிசுவேலா நாட்டில் ஓசே அந்தோனியோ அப்ரேயு 1975 இல் தொடங்கிய சிறுவர் வாத்தியக் குழு இயக்கத்திலும், முன்னே கற்றவர் பின்னே வருவோர்க்குக் கற்பித்தனர்.

மதிப்பெண் வருமா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. பாடினால் கணக்கில் நூறு வரும் என்று நாம் பொய்யுரைக்கப் போவதில்லை. 2005 ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை கலைக்கல்வி கட்டாயமாதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழக அரசும் 2012 இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றிற்குப் பதினாறாயிரத்திற்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அமர்த்தியது. எனினும் தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது இசைப் பாடவேளையே. இதைப் பெற்றோர் தட்டிக் கேட்பதில்லை; சில வேளைகளில் நாமே அதை வேண்டுகிறோம்.

காலணித் தொழிற்சாலைக்குச் செல்லும் தாய்மார் ஒன்றை நன்கறிவர். ஒருவர் தோல் வெட்ட, ஒருவர் தைக்க, ஒருவர் அடிப்பகுதி ஒட்ட, பலர் கை பட்டே ஒரு சோடி உருவாகிறது. இடையில் ஒருவர் இல்லையேல் வரிசை நிற்கிறது. சேர்ந்திசையும் அத்தகைய கூட்டுழைப்பே. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தொழிற்சாலையில் வேகத்தைப் பிறர் வகுப்பர். செய்தவர் முழுப்பொருளைக் காண்பதும் குறைவு. சேர்ந்திசையிலோ தன் சிறு பங்கைச் செய்யும் பிள்ளை, அந்நொடியிலேயே முழுமையைத் தன் காதால் கேட்கிறது. 'நான் நிறுத்தினால் இது குறையும்' என்னும் அறிவு அதன் உள்ளத்தில் பதிகிறது. மற்றப் பாடங்களில் முதலிடம் ஒருவருக்கே. இப்பாடத்தில் கடைசி வரிசையில் நிற்பவனும் இன்றியமையாதவன்.

ஆகவே பெற்றோரே, அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திற்குச் செல்லும்போது மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டபின் மற்றொரு கேள்வியும் கேளுங்கள்: "இப்பள்ளியில் வாரத்தில் எத்தனை பாடவேளை இசைக்கு? அதில் எல்லாப் பிள்ளைகளும் பாடுகிறார்களா?" ஆசிரியப் பெருமக்களே, உங்கள் குழுவில் வாயை மட்டும் அசைக்கும் பிள்ளை இருந்தால், நாளைக் காலையில் அதன் அருகே சென்று நின்று, அதற்கு எந்தச் சுரம் எளிதாக வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.