காந்தியை வரைந்த கை, உருவமே இல்லாத படம் போட்டது ஏன்?

"இது என்னப்பா படம்? சும்மா கலரை அள்ளிப் பூசி வச்சிருக்காங்க. இதை எங்க வீட்டு வாண்டுகூட போட்டுடுமே!"

ஓவியக் கண்காட்சிக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட பலரும் அடிக்கும் கமெண்ட் இது. இப்படிப்பட்ட படத்துக்கு அரூப ஓவியம் என்று பெயர். மனுஷன், மரம், வீடு என எந்த உருவமும் இருக்காது. நிறம் மட்டும்தான்.

வரையத் தெரியாதவங்க செய்யும் வேலை இது என்று நினைத்தால் தப்பு. ஓவியர் கே.எம்.ஆதிமூலமே அதற்கு சாட்சி.

100 காந்தி

திருச்சி மாவட்டத்து கிராமத்தில் 1938-ல் பிறந்தவர் ஆதிமூலம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்து 1966-ல் வெளியே வந்தார். நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார்.

1969-ல் காந்தி நூற்றாண்டு விழா. அதையொட்டி காந்தியை மட்டும் 100 கோட்டோவியங்களாக வரைந்தார். கலர் கிடையாது. வெறும் கறுப்புக் கோடுதான். ஆனால் பார்த்ததும் 'காந்தி தாத்தா' என்று சின்னக் குழந்தையும் சொல்லிவிடும். அடுத்து ராஜாக்களை வரைந்தார். அதற்கும் நல்ல பெயர்.

அதையே காலம் பூரா போட்டுக்கிட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். ஆனால் 1970-களில் திடீர் திருப்பம். வண்ணத்துக்கு வந்தார். உருவம் காணாமல் போனது!

என்ன காரணம்?

படத்தில் ஒரு முகம் இருந்தால் நம்ம கண்ணு 'இது யாரு?'ன்னு தேடும். தெரிஞ்சதும் அடுத்த படத்துக்குப் போயிடும். நிறத்தை யாரும் கவனிக்கிறதே இல்லை. முகத்தை எடுத்துட்டா, நிறம் பேச ஆரம்பிக்கும். அரூப ஓவியத்தின் சூட்சுமம் இதுதான்.

கல்யாண வீட்டு நாதஸ்வரத்தில் வார்த்தையா வருது? ஆனாலும் தலையாட்டிக் கேட்கிறோமே, அதுமாதிரி.

ஆதிமூலம் எண்ணெய் வண்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவார். அடியில் இருக்கும் நிறம் மேலே எட்டிப் பார்க்கும். சிலருக்கு உழுத வயல் ஞாபகம் வரும். சிலருக்கு பொழுது சாயும் வானம்.

கோட்டையும் அவர் விட்டுவிடவில்லை. கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது படம் போட்டவர் இவர்தான். பெட்டிக்கடையில் பத்திரிகை வாங்கியவருக்கும் அந்தக் கோடு பழக்கம்.

2008 ஜனவரியில் ஆதிமூலம் காலமானார்.

அடுத்த தடவை இப்படி ஒரு படம் கண்ணில் பட்டால் ஓடிவிடாதீங்க. பத்தடி தள்ளி ரெண்டு நிமிஷம் நில்லுங்க. பிறகு கிட்டப் போய்ப் பாருங்க. உங்க ஊர் மண்ணே அதில் தெரியலாம்!