20 சதவீத சிறுநீரகத்தோடு உலகப் பதக்கம் வென்றவர் யார் தெரியுமா?

110 மீட்டர் தடை ஓட்டத்தில் உலகிலேயே மிக வேகமான மனிதர். ஒலிம்பிக் தங்கமும் அவரிடம்தான். அடுத்த ஆண்டே, ‘இனி உங்களால் ஓட முடியாது’ என்று மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் கேட்டாரா? ஓடினார்! இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்தே 20 சதவீதத்துக்கும் குறைவாக வேலை செய்துகொண்டிருந்த நிலையில், உலக சாம்பியன்ஷிப்பில் பதக்கமும் வாங்கினார்! அவர்தான் அமெரிக்க வீரர் ஏரிஸ் மெரிட். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தடையின் உயரம் எவ்வளவு தெரியுமா?

1.067 மீட்டர். அதாவது மூன்றரை அடி! ஒன்றல்ல, இரண்டல்ல, பத்துத் தடைகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 9.14 மீட்டர். அந்த இடைவெளியில் மூன்றே எட்டு வைத்து, நான்காவதில் மறுபடி பறக்க வேண்டும். தடை காலில் பட்டுச் சாய்ந்தால் ஆட்டத்தை விட்டு வெளியேற்ற மாட்டார்கள். ஆனால் வேகம் போய்விடும், வேகம் போனால் பதக்கமும் போய்விடும்.

எங்கிருந்து வந்தார் தெரியுமா?

1985 ஜூலை 24-ல் சிகாகோவில் பிறந்தார். படித்து வளர்ந்தது ஜார்ஜியா மாநிலத்தின் மரியட்டாவில். 2004-ல் இத்தாலியின் க்ரொசெட்டோ நகரில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் தங்கம். டென்னசி பல்கலைக்கழக மாணவராக 2006-ல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியிலும் முதலிடம். இவ்வளவு சீக்கிரம் மின்னியவர் அடுத்த வருடமே உலகை வென்றிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை! 2012 வரை சீனியர் பிரிவின் திறந்தவெளி உலக சாம்பியன்ஷிப் எதிலும் அவருக்கு ஒரு பதக்கம்கூடக் கிடையாது.

ஒரே ஒரு எட்டைக் குறைத்தார்... என்ன ஆனது தெரியுமா?

புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 13.72 மீட்டர். அந்தத் தூரத்தை மெரிட் 8 எட்டுகளில் கடந்துவந்தார். கியூபாவின் டேய்ரோன் ரோப்லெஸ் போன்றவர்கள் ஏழே எட்டுகளில் கடந்தார்கள். 2012 சீசனுக்கு முன்பு மெரிட்டும் ஏழுக்கு மாறினார். ஒன்றுதானே குறைகிறது என்று நினைக்காதீர்கள். ஒரு எட்டு குறைந்தால் தாண்டும் கால் மாறிப்போகும். அது மாறாமல் இருக்க, புறப்படும்போது முன்னால் வைக்கும் காலையும் பின்னால் வைக்கும் காலையும் இடம் மாற்ற வேண்டும். பல வருடப் பழக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஓட்டத்தின் தொடக்கத்தையே புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும்!

அந்த ஒரே வருடத்தில் 13 நொடிக்குள் எத்தனை முறை ஓடினார் தெரியுமா?

எட்டு முறை! வாழ்நாளில் ஒருமுறையாவது 13 நொடிக்குள் ஓடிவிட மாட்டோமா என்று ஏங்கியபடியே ஓய்வு பெற்ற வீரர்கள் எத்தனையோ பேர். மெரிட் தொடர்ந்து மூன்று போட்டிகளில் அச்சுப் பிசகாமல் 12.93 ஓடினார். லண்டன் ஒலிம்பிக் அரையிறுதியில் 12.94, இறுதியில் 12.92. தங்கம்! இதற்கெல்லாம் முன்பே, மார்ச் மாதம் இஸ்தான்புல்லில் நடந்த உள்ளரங்க உலகப் போட்டியின் 60 மீட்டர் தடை ஓட்டத்தில் சீனாவின் லியூ சியாங்கைப் பின்னுக்குத் தள்ளியிருந்தார்.

ஒலிம்பிக் தங்கம் வென்று ஏறக்குறைய ஒரு மாதம். செப்டம்பர் 7, பிரஸ்ஸல்ஸ். கடிகாரம் காட்டிய நேரம் 12.80! ரோப்லெஸின் 12.87 என்ற உலக சாதனை தூள் தூளானது. நூறில் ஒரு நொடி குறைப்பதே பெரும்பாடான ஓட்டத்தில் நூறில் ஏழு பங்கு!

அடுத்த வருடம் என்ன நடந்தது தெரியுமா?

2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப். உலக சாதனையாளருக்கு ஆறாவது இடம். உடம்பில் ஏதோ சரியில்லை. ஊர் திரும்பிப் பரிசோதித்தால், பரம்பரையாக வரும் சிறுநீரக நோய். போதாததற்கு ஒரு வைரஸ் தொற்று வேறு, சிறுநீரகத்தையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் தாக்கியிருந்தது.

சிறுநீரகம் கழிவை மட்டும்தான் வடிகட்டுகிறது என்று நினைக்கிறோம். ‘சிவப்பணுக்களை உற்பத்தி செய்’ என்று எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவு போடும் ஹார்மோன் சுரப்பதும் பெரும்பாலும் அங்கேதான்! சிறுநீரகம் படுத்தால் ரத்தசோகை வரும். ரத்தசோகை வந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும் நிலையில் மூன்றரை அடித் தடையை எப்படித் தாண்டுவது?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்கு நான்கு நாள் முன்பு எங்கே இருந்தார் தெரியுமா?

பெய்ஜிங்கில், உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியின் தொடக்கக் கோட்டில்! 2015 ஆகஸ்ட் 28. ரஷ்யாவின் செர்கே ஷுபென்கோவ் 12.98, ஜமைக்காவின் ஹான்ஸில் பார்ச்மென்ட் 13.03, மெரிட் 13.04. வெண்கலம்! வெள்ளி நழுவியது நூறில் ஒரு நொடியில். அந்த வேகத்தில் நூறில் ஒரு நொடி என்பது ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர், நாலைந்து விரற்கடை தூரம்.

செப்டம்பர் 1-ல் அரிசோனாவில் மாற்று சிறுநீரகம் பொருத்தினார்கள். கொடுத்தது யார்? உடன்பிறந்த சகோதரி!

மாற்று சிறுநீரகத்தை எங்கே வைப்பார்கள் தெரியுமா?

பழையது இருக்கும் முதுகுப்பக்கம் அல்ல, முன்பக்கம், அடிவயிற்றில்! தடை ஓட்டக்காரரோ ஒவ்வொரு தடையிலும் உடம்பை முன்னால் வளைத்து, தொடையை நெஞ்சை நோக்கித் தூக்குகிறவர். தையல் போட்ட அதே இடம்தான் மடங்கும். அக்டோபரில் சிறுநீரகத்தின் அருகே ரத்தம் கட்டிக்கொள்ள, இரண்டாவது முறையும் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கும் அசரவில்லை மனிதர்.

2016 ஜூலையில் ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக ஒரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் வந்து நின்றார். முதல் மூன்று பேருக்குத்தான் ரியோ டிக்கெட். இரண்டாம், மூன்றாம் இடக்காரர்களுக்கு 13.21. மெரிட்டுக்கு 13.22. மறுபடியும் அதே நூறில் ஒரு நொடி! ஆனாலும் அடுத்த வருடம் லண்டன் உலக சாம்பியன்ஷிப் இறுதிக்குள் நுழைந்து ஐந்தாவது வந்தார், சகோதரியின் சிறுநீரகத்தோடு.

இத்தனை முறை கழுத்தறுத்த நூறில் ஒரு நொடி, கடைசியில் என்ன செய்தது தெரியுமா?

2021 ஜூன். மெரிட்டின் ரியோ கனவு கலைந்த அதே யூஜீனில், மறுபடி ஒலிம்பிக் தகுதிப் போட்டி. அமெரிக்காவின் கிராண்ட் ஹாலோவே அரையிறுதியில் புயலாகப் பாய்ந்தார். பிரஸ்ஸல்ஸ் சாதனை போயே போச்சு என்று எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தால்... 12.81! நூறில் ஒரே ஒரு நொடியில் மெரிட்டின் 12.80 தப்பித்தது!