குழந்தை பிறந்த பிறகு மனசு சரியில்லையா? யாரைப் பார்க்கணும்?

போன எபிசோடு கேட்டுட்டு பல பேர் அனுப்பின கேள்வி இதுதான்: "டாக்டரைப் பார்க்கணும்னு புரியுது. எந்த டாக்டரை?"

பிரசவம் ஆன முதல் சில நாட்கள்ல காரணமே இல்லாம அழுகை வர்றது ரொம்ப சகஜம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள்ள அதுவா அடங்கிடும். அதுக்கப்புறமும் அழுகை நிக்கலை, இல்லைன்னா எல்லாமே மரத்துப்போன மாதிரி இருக்கு, குழந்தை தூங்கும்போதும் மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே விழிச்சிருக்கீங்க... அப்போ "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்"னு விட்டுடாதீங்க.

முதல்ல, பிரசவம் பார்த்த டாக்டர்கிட்டயே சொல்லலாம். தையலைப் பார்ப்பாங்க, குழந்தை எடையைக் கேட்பாங்க. மனசைப் பத்தி கேட்கலைன்னா நீங்களே ஆரம்பிங்க. 1987-இல் வந்த எடின்பரோ ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு. கடந்த 7 நாட்களைப் பற்றி 10 கேள்விகள், தமிழிலும் உண்டு. அது நோயை உறுதி செய்யாது. பேச்சை ஆரம்பிக்க உதவும். ரத்தசோகை, தைராய்டு டெஸ்ட்டும் கேளுங்க. இதே மாதிரி சோர்வை அதுவும் தரும்.

அடுத்து மனநல மருத்துவர். இவர் மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு வழியா சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். 'கவுன்சலர்'னு போர்டு மட்டும் பார்த்துட்டு போகாதீங்க, என்ன படிச்சிருக்காங்கன்னு கேட்கலாம், தப்பே இல்லை. செலவு பயமா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள்ல மனநலப் பிரிவு இருக்கு. வெளியே போக முடியலைன்னா டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

"மாத்திரை போட்டா பாலை நிறுத்தணுமா?" பெரும்பாலும் வேண்டாம். செர்ட்ராலின் மாதிரி மருந்துகள் பால்ல ரொம்பக் குறைவாத்தான் போகும். தாய்ப்பால் கொடுக்கிறதை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. குழந்தையைப் பிரிச்சிடுவாங்களோன்னும் பயப்படுறாங்க. பெங்களூரு நிம்ஹான்ஸ்ல 2009-லிருந்து தாயையும் சேயையும் ஒண்ணாவே அட்மிட் பண்ற வார்டு இருக்கு!

ஒரு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்காதீங்க. இல்லாத குரல் கேட்குது, தூக்கமே இல்லாம படபடன்னு பேசுறாங்க, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செஞ்சிடணும்னு தோணுது: அன்னைக்கே எமர்ஜென்சி, தனியா விடவே கூடாது.

கணவர்கள் கேட்டுக்கிட்டிருந்தா, அப்பாயின்ட்மென்ட்டை நீங்க போடுங்க. கூடவே போங்க, குழந்தையை நீங்க வெச்சுக்கங்க, உள்ளே அவங்க தனியா பேசட்டும்.