சாய்வு வண்டியும் புகையிரதமும்

ஐரோப்பிய நகரமொன்றின் புகையிரத மேடையிலே ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் ஒரு வண்டி. அதற்கு இரண்டு சில்லுகள் உண்டு, மிதிகள் உண்டு, சங்கிலி உண்டு, கைப்பிடியும் உண்டு. ஆயினும் அதனைத் துவிச்சக்கர வண்டியென்று உடனே ஒப்புக்கொள்ளக் கண் மறுக்கிறது. ஆசனம் இருக்கவேண்டிய இடத்திலே சாய்மனைக் கதிரை போன்றதோர் இருக்கை. காலுக்குக் கீழே இருக்கவேண்டிய மிதிகளோ முன்சில்லையும் கடந்து, மூக்கைப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. புகையிரதம் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. கார்ட் இறங்கி வந்து வண்டியை மேலும் கீழும் பார்க்கிறார். "இது சைக்கிளா?" என்று கேட்கிறார்.

கேள்வி சிறியது. ஆனால் அக்கேள்விக்கு விடை காணும் வழக்கு 90 ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. அதன் தீர்ப்பைப் பொறுத்தே மேடையில் நிற்பவர் ஊர் போய்ச் சேர்வதும் சேராமல் நிற்பதும் தங்கியிருக்கின்றன.

சாய்ந்திருந்து ஓட்டுதல்

சாதாரண துவிச்சக்கர வண்டியில் நம் உடலின் பாரத்தை ஒடுங்கிய ஓர் ஆசனமும், இரு கைகளும், மிதிகளுமே தாங்குகின்றன. சாய்வு வண்டியிலோ முதுகும் இடுப்பும் அப்பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. மணிக்கட்டு நோவதில்லை. பாதையைப் பார்ப்பதற்குக் கழுத்தை முறித்து நிமிர்த்த வேண்டியதுமில்லை. கால்களை முன்னே நீட்டி, முதுகால் இருக்கையில் உதைந்து மிதிக்கிறோம்.

இரண்டாவது நன்மை காற்றிலிருந்து கிடைப்பது. சமதரையில் விரைந்து செல்லும் சைக்கிளோட்டியின் பெரும் பகை காற்றே. அமைதியான காற்றில் வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. அவ்வெதிர்ப்பை வெல்லுதற்கு வேண்டிய வலுவோ எட்டு மடங்காகிறது. நிமிர்ந்திருப்பவர் காற்றுக்கு நெஞ்சைக் காட்டுகிறார். சாய்ந்திருப்பவர் பாதத்தைக் காட்டுகிறார். 2016 ஆம் ஆண்டிலே கனடா நாட்டவரான டொட் றைக்கேட் என்பவர், மெல்லிய கூடொன்றினால் மூடப்பட்ட சாய்வு வண்டியிலே, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துச் சமதரைப் பாதையில் மணிக்கு 144.17 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். இயந்திரம் எதுவும் இல்லை. இரண்டு கால்களே அவரைச் செலுத்தின.

குறைகளும் உண்டு. மேட்டில் எழுந்து நின்று உடற்பாரத்தால் மிதிக்க இயலாது. வண்டி தாழ்வானதாகையால் தெரு நெரிசலில் மற்றவர் கண்ணிற் படுதல் அரிது. இவற்றோடு நீளமும் ஒரு குறை. சாதாரண வண்டி ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமுடையது. சாய்வு வண்டிகளில் சில அதற்குள் அடங்கும். வேறு சில 2 மீற்றரையும் தாண்டும். முச்சில்லுச் சாய்வு வண்டியோ அகலத்தாலும் இடம் பிடிப்பது. பாதையிலே பொருட்படுத்தத் தகாத இந்த நீளமும் அகலமும், புகையிரதத்தின் வாசலுக்கு வந்தவுடன் விதியாகிவிடுகின்றன.

முதல் வாசல் அடைபட்ட கதை

இவ்வண்டிக்கு முதலில் வாசலை அடைத்தவர் புகையிரதக்காரர் அல்லர். அக்கதை பிரான்சிலே நடந்தது. சார்ள்ஸ் மொஷே என்னும் வண்டி அமைப்பாளர் தம் மகன் ஜோர்ஜுக்காக மிதித்தோட்டும் நாற்சில்லு வண்டியொன்றைச் செய்து கொடுத்தார். சிறுவனின் வண்டி பெரியவர்களின் மனத்தையும் கவரவே, இருவர் அமர்ந்து மிதிக்கும் "வெலோகார்" பிறந்தது. பின்னர் அதனை இரண்டாகப் பிளந்தாற்போல இருசில்லு வண்டியொன்றையும் அவர் அமைத்தார். அதுவே நாம் பேசும் சாய்வு வண்டி.

ஒரு மணி நேரத்தில் மிக அதிக தூரம் ஓடுதல் என்பது சைக்கிள் உலகின் மாபெரும் சாதனையாகக் கருதப்படுவது. 1914 இல் சுவிற்சர்லாந்தினரான ஒஸ்கார் எக் 44.247 கிலோமீற்றர் ஓடி நிலைநாட்டிய சாதனை ஏறக்குறைய 19 ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1933 யூலை 7 ஆம் நாள், முதல்தர வீரராக எவரும் எண்ணியிராத பிரான்சிஸ் ஃபோர், மொஷேயின் சாய்வு வண்டியில் ஏறி, பாரிஸ் நகரிலே 45.055 கிலோமீற்றர் ஓடி அதனை முறியடித்தார். அடுத்த மாதம் மொரிஸ் ரிஷார் என்பவர் சாதாரண வண்டியில் 44.777 கிலோமீற்றர் ஓடினார்.

இருவரில் எவருக்குச் சாதனை உரியது? கணக்குத் தெரிந்த சிறுவனும் விடை சொல்வான். ஆனால் அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் 1934 இலே துவிச்சக்கர வண்டி என்பது இன்ன அளவினது, மிதிக்கும் ஆசனத்துக்கும் உள்ள இடைவெளி இன்னது என்று வரையறை செய்தது. அந்த அளவுக்குள் மொஷேயின் வண்டி அடங்கவில்லை. ரிஷாரின் சாதனை ஏற்கப்பட்டது. ஃபோரின் சாதனை விலக்கப்பட்டது. அதே ஆண்டில் மொஷே காலமானார். பந்தயத்தில் இடமில்லாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் செய்ய முன்வரவில்லை. 1970களில் அமெரிக்காவில் மனித வலு வண்டிகளுக்கெனத் தனிப் போட்டிகள் தொடங்கும்வரை சாய்வு வண்டி ஒருசிலரின் விநோதப் பொருளாகவே ஒதுங்கிக் கிடந்தது.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. வண்டி கெட்டதென்று எவரும் சொல்லவில்லை. ஓடாதென்றும் சொல்லவில்லை. அளவுகோல் முதலில் எழுதப்பட்டது. அதன்பின் வண்டி அளக்கப்பட்டது. புகையிரத மேடையிலும் இதுவே நடக்கிறது.

கொக்கியும் தளமும்

முற்காலத்துப் புகையிரதங்களிலே கார்டின் பெட்டி என்று ஒன்று இருந்தது. அகன்ற கதவு, வெறுந்தளம். பாற்பாத்திரமும் ஏறும், கோழிக்கூடும் ஏறும், சைக்கிளும் ஏறும். பொருளின் வடிவத்தை அத்தளம் கேட்டதில்லை. பிரித்தானியாவில் 1976 முதல் ஓடிய அதிவேகப் புகையிரதங்களிலும் பொதிகளுக்கென விசாலமான ஓரிடம் இருந்தது.

புதிய புகையிரதங்களிலே ஒவ்வோர் அங்குலமும் ஆசனக் கணக்கில் எண்ணப்படுகிறது. இலண்டன் படிங்டன் நிலையத்திலிருந்து மேற்கே செல்லும் வழியில் 2017 ஒக்ரோபரில் ஓடத்தொடங்கிய புதிய வண்டிகளிலே சைக்கிளுக்குக் கிடைத்தது ஒடுங்கிய ஓர் அலமாரி. முன்சில்லை மேலே கொக்கியில் மாட்டி, சைக்கிளை நிலைக்குத்தாகத் தொங்கவிட வேண்டும். இளைஞன் ஒருவனின் மெல்லிய பந்தய வண்டிக்கு இது பொருந்தும். சாய்வு வண்டியையோ அவ்வாறு தூக்குவது கடினம். அதன் பாரம் பெரும்பாலும் 13 கிலோகிராமுக்கு மேற்பட்டது, முன்சில்லு சிறியது, அதற்கும் அப்பால் மிதித்தண்டு நீண்டிருப்பதால் கூரை தடுக்கும். முச்சில்லு வண்டியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

ஜேர்மனியின் பிராந்தியப் புகையிரதங்களில் வேறொரு முறை உண்டு. மடித்து உயர்த்தக்கூடிய ஆசனங்களைச் சுவரோரம் வைத்து, நடுவே வெறுந்தளம் விட்டிருக்கிறார்கள். குழந்தைவண்டி, சக்கர நாற்காலி, சைக்கிள் யாவும் அத்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சக்கர நாற்காலிக்கும் குழந்தைவண்டிக்கும் முதலுரிமை. இங்கே சாய்வு வண்டியை உருட்டிச் சென்று சுவரோடு சாய்த்து ஒரு பட்டியாற் கட்டிவிட்டால் போதுமானது. ஸ்கொத்லாந்திலும் 2021 இல் கிளாஸ்கோவிலிருந்து ஓபன் செல்லும் வழியில், பழைய பெட்டிகளைத் திருத்தி, ஒவ்வொன்றிலும் 20 சைக்கிள்கள் வரை ஏற்றத்தக்கனவாக ஆக்கினார்கள். பழைய கார்டின் பெட்டி புதுவேடம் பூண்டு திரும்பி வந்தாற்போன்றது இது.

கொக்கி ஒரு வடிவத்தை மட்டும் ஏற்கும். தளம் எவ்வடிவத்தையும் ஏற்கும். இவ்வழக்கின் சாரம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

"வாடகைக்கு எடுக்கலாமே!"

இந்த இடத்திலே நியாயமான ஓர் ஆட்சேபம் எழலாம். நெரிசல் மிக்க வண்டியில் நின்றுகொண்டு பிரயாணஞ் செய்யும் தொழிலாளி, "ஒருவரின் விநோத வண்டிக்காக நால்வர் இடத்தை இழப்பதா?" என்று கேட்டால், அதை அலட்சியஞ் செய்ய முடியாது. சைக்கிளின் தாயகமெனப் புகழ்பெற்ற ஒல்லாந்திலேயே வேலை நாட்களின் காலை மாலை நெரிசல் மணிகளில் சைக்கிளைப் புகையிரதத்தில் ஏற்ற விடுவதில்லை. அந்நாட்டார் கண்ட வழி வேறு. வீட்டிலிருந்து நிலையம் வரை ஒரு சைக்கிள்; அதை நிலையத்தில் விட்டுவிட வேண்டும். இறங்கும் ஊரில் வாடகைக்கு இன்னொரு சைக்கிள். இதற்காகவே உட்ரெக்ட் மத்திய நிலையத்தில் 12,500 சைக்கிள்களை நிறுத்தும் மாபெரும் தரிப்பிடம் 2019 இல் முழுமையாகத் திறக்கப்பட்டது.

இது அறிவுடைய ஏற்பாடே. எந்தச் சைக்கிளும் தனக்குப் போதும் என்றிருக்கும் மனிதனுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடில்லை. ஆனால் சாய்வு வண்டியோட்டிகள் எல்லாரும் வேகப் பித்தரல்லர். முள்ளந்தண்டு நொந்தவர் உளர். மணிக்கட்டு வாதத்தால் வருந்துபவர் உளர். சமநிலை தவறுவதால் இருசில்லில் ஏற முடியாமல் முச்சில்லில் அமர்ந்து மிதிப்பவர் உளர். நூறு யார் தூரம் நடக்க இயலாத ஒருவர், சாய்வு வண்டியில் பல மைல் ஓட்டுதல் நடக்கக்கூடியதே. அவருக்கு அவ்வண்டி விளையாட்டுப் பொருளன்று. அதுவே அவர் கால். இறங்கும் ஊரில் அவருக்கேற்ற கால் வாடகைக்குக் கிடைப்பதில்லை.

இலண்டனில் 2007 இல் தொடங்கப்பட்ட "வீல்ஸ் ஃபோர் வெல்பீயிங்" என்னும் தொண்டு நிறுவனம் இக்கருத்தையே வற்புறுத்தி வருகிறது: உடற்குறையுள்ள ஒருவருக்குச் சைக்கிள் நடைத்துணையாக இருக்குமாயின், அதனை நடைத்துணையாகவே சட்டம் மதிக்க வேண்டும். சக்கர நாற்காலிக்குக் கதவைத் திறக்கும் அதே கார்ட், அதே நோய்க்காக அமைந்த முச்சில்லு வண்டியைக் கண்டதும் அளவுநாடாவை எடுப்பது எத்தகைய நியாயம்?

சட்டத்தின் ஒரு வாக்கியம்

ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் இயற்றிய புகையிரதப் பிரயாணிகள் உரிமைச் சட்டம் 2023 யூன் 7 முதல் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளோடு பிரயாணஞ் செய்தலை அது ஓர் உரிமையாக மதிக்கிறது. புதிய வண்டிகளை வாங்கும்போதும் பழையவற்றைப் பெரிய அளவிற் புதுப்பிக்கும்போதும், பொதுவாக ஒவ்வொரு வண்டித்தொடரிலும் குறைந்தது நான்கு சைக்கிள்களுக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்ற விதி 2025 யூன் 7 முதல் நடைமுறையாயிற்று. சைக்கிளோட்டிகள் நெடுங்காலம் வேண்டி நின்ற வெற்றி இது.

ஆனால் அதே விதியில் இன்னொரு வாக்கியமும் உண்டு. சைக்கிளின் நிறையையும் அளவையும் கொண்டு புகையிரத நிறுவனங்கள் அதனைக் கட்டுப்படுத்தலாம் என்பதே அது. நிறுவனங்களின் இடர்ப்பாட்டை எண்ணி எழுதப்பட்ட நியாயமான வாக்கியந்தான். ஆயினும் 1934 இன் அளவுகோல் அங்கே மீண்டும் எட்டிப் பார்ப்பதை நாம் காணாதிருக்க முடியாது. நான்கு இடங்களும் நான்கு கொக்கிகளாக அமைந்துவிட்டால், சட்டம் நிறைவேறிவிடும். மேடையில் நிற்பவர் மட்டும் நின்றுகொண்டே இருப்பார்.

இதற்குள் சாய்வு வண்டியோட்டிகள் சும்மா இருக்கவில்லை. இருக்கையைக் கழற்றவும், மிதித்தண்டை உள்ளே தள்ளிக் குறுக்கவும் அவர்கள் பழகிக்கொண்டார்கள். ஜேர்மனியின் எச். பி. வெலோற்றெக்னிக் போன்ற நிறுவனங்கள் முச்சில்லுச் சாய்வு வண்டியையே இரண்டாக மடிக்கும்படி அமைத்து விற்கின்றன. இதிலே ஒரு வேடிக்கை உண்டு. ஒல்லாந்தில் மடிப்புச் சைக்கிளை மடித்துக் கொண்டுவந்தால் அது சைக்கிளன்று, பொதி. கட்டணமுமில்லை, நேரக் கட்டுப்பாடுமில்லை. வண்டி மாறவில்லை, நிறை மாறவில்லை, பெயர் மாறியது, கதவு திறந்தது!

எனினும் மடிக்கும் வண்டி விலை கூடியது. மடிப்பதற்குக் குனியவும், மடித்ததைத் தூக்கவும் உடலில் வலு வேண்டும். அந்த வலு இல்லாதவருக்கே அவ்வண்டி மிகுதியாக வேண்டியிருக்கிறது. செருப்புக்கேற்பக் காலைத் தறித்தல் என்பது நம்மவர் பழமொழியில் மடமைக்கு உவமை. புகையிரதப் பெட்டி ஒருமுறை அமைக்கப்பட்டால் முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடும். அதை வரையும் மேசையிலே கொக்கிக்குப் பதிலாகச் சிறிது வெறுந்தளம் விடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. சைக்கிள் இல்லாத வேளையில் அதே தளத்திலே மடிப்பாசனங்களை விரித்து மனிதர் அமரலாம். அந்தத் தளம் சாய்வு வண்டிக்கு மட்டும் உரியதுமன்று. இருவர் மிதிக்கும் சைக்கிளும், இரட்டைக் குழந்தைகளின் வண்டியும், இனி யாரோ ஒருவர் தம் மகனுக்காகச் செய்யப்போகும், நாம் இன்னும் காணாத வண்டியும் அதில் ஏறலாம்.

"இது சைக்கிளா?" என்று கார்ட் கேட்டார் அன்றோ? அவர்மேற் குற்றமில்லை, அவர் கையில் உள்ள விதி அப்படிக் கேட்கச் சொல்கிறது. ஆனால் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. "ஐயா, நீங்கள் எந்த ஊருக்குப் போக வேண்டும்?" என்பதே அது. புகையிரதம் ஓடுவது அதற்காகத்தானே!