சூப்பர்மேனுக்கு யார் மீது கோபம்?

சுரங்க முதலாளி ஒருவர் மாளிகையில் விருந்து நடக்கிறது. நகையும் பட்டுமாக வந்திருக்கும் விருந்தாளிகளுக்குத் திடீரென ஓர் ஆசை. மிச்சக் கொண்டாட்டத்தைச் சுரங்கத்துக்குள்ளேயே போய் வைத்துக்கொண்டால் என்ன? இறங்குகிறார்கள். வழி இடிந்து விழுகிறது. அபாய அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. பழுது பார்த்தால் பணம் செலவாகுமே என்று அதை அப்படியே போட்டுவைத்தவர் அதே முதலாளிதான். வேறு வழியில்லாமல் தாமே மண்ணைத் தோண்டுகிறார்கள். கொஞ்ச நேரத்திலேயே நாக்குத் தள்ளிவிடுகிறது. வழியை வேண்டுமென்றே அடைத்தவன் சுரங்கத் தொழிலாளி வேடத்தில் பக்கத்திலேயே நிற்கிறான். அவன்தான் சூப்பர்மேன்.

1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ மூன்றாம் இதழில் வந்த கதை இது. எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். இருவரும் புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரே பள்ளியில் படித்து, பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். 1933-இல் தாங்களே அச்சடித்த சிற்றிதழில் சூப்பர்மேன் என்ற பெயரை முதலில் அவர்கள் வைத்தது, பிறர் மனத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு வழுக்கைத்தலை வில்லனுக்கு! ஆக, வில்லனை நாயகனாக்கி, சூப்பர்மேனை முதன்முதலில் தலைகீழாகத் திருப்பியவர்கள் அவனைப் படைத்தவர்களேதான்.

அப்படித் திருப்பியபின் அவன் யாரை அடித்தான் என்பதுதான் சுவாரஸ்யம். முதல் இதழில் மனைவியை அடிப்பவனைப் புரட்டி எடுக்கிறான். செனட்டர் ஒருவரை விலைக்கு வாங்கும் தரகரைத் தூக்கிக்கொண்டு மின்கம்பிகள் மேல் ஓடுகிறான். இரண்டாவதில் ஓர் ஆயுத வியாபாரியைப் படையில் சேர வைத்து, குண்டு விழும் இடத்திலேயே நிறுத்துகிறான். எட்டாவதில் ஒரு சேரிப் பகுதி முழுவதையும் இடித்துத் தள்ளுகிறான். தரைமட்டமானால் அரசு நல்ல வீடு கட்டித்தானே ஆக வேண்டும்? போலீஸுக்கு இவன் வேண்டாத ஆள். தப்பு செய்கிறவர்கள் பெரும்பாலும் கோட்டு போட்ட கனவான்கள்.

பின்னாளில் அவனிடம் பல மாற்றங்கள் வந்தன. ஒன்றைத் தவிர மற்றவை பற்றி எனக்குப் புகார் இல்லை. அன்றைய சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம். 1940-இல் தொடங்கிய வானொலித் தொடரும் மறு ஆண்டு வந்த ஃபிளெய்ஷர் ஸ்டுடியோவின் கார்ட்டூன் படங்களும் அவனைப் பறக்கவைத்தன. அவனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல் 1943-இல் வானொலியிலிருந்து வந்தது. எல்லாமே லாபம்தான்.

பறிபோனது கோபம். நாளிதழ்த் தொடர், வானொலி, பொம்மை என்று சூப்பர்மேன் பெரிய வியாபாரம் ஆனதும் அவனை வெளியிட்ட நிறுவனத்துக்குப் பயம் வந்துவிட்டது. 1940-இல் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் நடத்தை விதிகள் வகுத்தார். இனி கொலை கூடாது என்பது அதில் முக்கியம். சுரங்க முதலாளிகள் இருந்த இடத்துக்கு வங்கிக் கொள்ளையரும் கிறுக்கு விஞ்ஞானிகளும் வந்தார்கள். போலீஸ் துரத்திய ஆள் போலீஸுக்கு நண்பனானான். (அந்தப் பழைய சூடு 1946-இல் வானொலியில் ஒருமுறை தெரிந்தது, கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பைச் சாடிய தொடர் அது.)

அதே 1940-இல் சீகல் ஒரு கதை எழுதிக் கொடுத்தார். அதில் நிருபர் கிளார்க் கென்ட்தான் சூப்பர்மேன் என்று சக நிருபர் லோயிஸ் லேனுக்குத் தெரிந்துவிடுகிறது. இருவரும் கூட்டாளிகள் ஆகிறார்கள். நிறுவனம் அதை அச்சேற்றவில்லை. முதன்மைக் கதைத்தொடரில் லோயிஸுக்கு அந்த உண்மை தெரிய 1991 ஆயிற்று! ஒரு பெண்ணை அரை நூற்றாண்டு ஏமாளியாகவே வைத்திருந்தது கதையின் தேவையல்ல, விற்பனைக் கணக்கு.

படைத்தவர்களால் ஏன் தடுக்க முடியவில்லை? சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 1938-இலேயே 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சூப்பர்மேனின் சிறுவயதைச் சொல்லும் ‘சூப்பர்பாய்’ கதைக்குச் சீகல் போட்ட திட்டத்தை முதலில் மறுத்த நிறுவனம், அவர் ராணுவத்தில் இருந்தபோது அவரைக் கேட்காமலே அதை வெளியிட்டது. குறும்புக்காரப் பையனாக அவர் நினைத்திருந்தவன் சமர்த்துப் பிள்ளையாக வந்து நின்றான். 1947-இல் இருவரும் வழக்குப் போட்டார்கள். வேலையும் போயிற்று, கதையிலிருந்து பெயரும் போயிற்று. சூப்பர்மேன் திரைப்படம் வரப்போகிறது என்று தெரிந்ததும் 1975-இல் சீகல் அந்தப் படத்துக்கே சாபமிட்டு அறிக்கை விட்டார். ஓவியர்கள் நீல் ஆடம்ஸும் ஜெர்ரி ராபின்சனும் துணை நின்றார்கள். நிறுவனம் இறங்கிவந்து, ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தரவும் பெயரைப் போடவும் ஒப்புக்கொண்டது. ஷுஸ்டர் 1992-இல் இறந்தார், சீகல் 1996-இல். அந்த 130 டாலரும் சேர்த்து எழுதப்பட்ட காசோலை 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது.