எங்கள் வீட்டில் இரண்டு நோயாளிகள்

எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தைக்காரி. ஒருநாள் காலை, பாலுக்கு உறை ஊற்ற மோர் வாங்க வந்தவள் வாசலிலேயே தயங்கி நின்றுவிட்டாள். கூடத்தில் நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் நின்றுகொண்டு என் கணவர் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறார். 32 வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து, கும்பகோணத்துப் பிள்ளைகளை நடுங்க வைத்த மனிதர்!

"உள்ளே வாம்மா, இதிலே என்ன வெட்கம்?" என்றேன். மோரை வாங்கிக்கொண்டு போகும்போது அவள் மெல்லக் கேட்டாள்: "அத்தை, கோவிச்சுக்காதீங்க. உங்க ரெண்டு பேர்ல யாரு நோயாளி, யாரு நர்ஸுன்னே எனக்குப் புரியல."

எங்களுக்கே அது ரொம்ப நாள் புரியாமல்தான் இருந்தது. புரிய வைத்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து 18 வருஷம் ஆகிறது. முதலில் மாத்திரை, பிறகு காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. எனக்கு வந்தது முடக்குவாதம், டாக்டர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வது. இது வயதானால் வருகிற முழங்கால் வலி இல்லை. நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் சக்தியே வழி தவறி, மூட்டுகளின் உள்சவ்வைத் தாக்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம். முப்பது, நாற்பது வயதிலேயே வரலாம். காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் ஒரு மணி நேரத்துக்கு மடங்காமல் விறைத்துக்கொண்டு, மூட்டுகள் வீங்கியிருந்தால், "வேலை ஜாஸ்தி, அதான்" என்று தைலம் தடவிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நான் ஒரு வருஷம் அப்படித்தான் இருந்தேன். வலது கையில் இரண்டு விரல் கோணிப்போனது அந்த ஒரு வருஷத்தில்தான்.

எனக்குக் கொடுத்த முக்கியமான மருந்து மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். நல்ல மருந்துதான், ஆனால் போட்ட மறுநாள் எனக்குக் குமட்டும், தலை தூக்க முடியாது. நான் படுத்துவிட்டால் அவருக்கு நேரத்துக்கு யார் சமைத்துப் போடுவது? ஊசி போட்டுக்கொண்டவர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கக் கூடாதே! அதனால் யாருக்கும் சொல்லாமல் அந்த மாத்திரையை நிறுத்தினேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். டாக்டரிடமும் சொல்லவில்லை. பெரிய தியாகம் செய்வதாக எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

மூன்றாவது வாரக் கடைசியில் விரல்கள் முருங்கைக்காய் மாதிரி விறைத்துக்கொண்டன. அந்த வெள்ளிக்கிழமை இரவு சப்பாத்திக்கு மாவு பிசைய முடியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததைச் சொல்லவில்லை. "ஏம்மா, எனக்குப் பசியே இல்லை. ஒரு தம்ளர் மோர் போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாதாம். ஆனால் இன்சுலினை அரைமணி நேரம் முன்னாலேயே வழக்கமான அளவுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பசியில்லை என்றால் ஊசிக்கும் தெரியுமா என்ன?

ராத்திரி இரண்டரை மணி இருக்கும். ஏதோ உளறுகிற சத்தம் கேட்டு விழித்தேன். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. மேலெல்லாம் சில்லென்று, கை நடுங்குகிறது. "என்னங்க, என்னங்க" என்று உலுக்கினால், என்னைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பையனின் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. சமையலறைக்கு ஓடினேன்.

சர்க்கரை எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மேல் தட்டில், கடைசியில், மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்படத்தில். அவர் கைக்கு எட்டக் கூடாது என்று நானே ஒளித்து வைத்தது! ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துவிட்டேன். மூடி திறக்கவில்லை. திறக்கவில்லை என்றால், என் விரல்களுக்கு அதைப் பிடிக்கவே தெம்பில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன். பல்லால் கடித்தேன். உள்ளே அவர் குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. கடைசியில் சம்படத்தைத் தூக்கி மேடை விளிம்பில் மடார் மடாரென்று இரண்டு கையாலும் மோதினேன். நாலாவது அடிக்கு மூடி தெறித்தது. சர்க்கரை பாதி தரையில். உள்ளங்கையால் வழித்து, அரைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். நல்லவேளை, விழுங்கும் நினைவு இருந்தது.

இதைச் சர்க்கரை வியாதி உள்ள வீட்டில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ 15 கிராம் குளுகோஸையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துச் சோதித்து, இன்னும் குறைவாக இருந்தால் மறுபடியும் அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கிவிடும். நினைவு தப்பி விழுங்க முடியாத நிலையென்றால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, மூச்சுக் குழாயில் போய்விடும்; 108-ஐக் கூப்பிட வேண்டும். இன்சுலின் மட்டுமில்லை, சில சர்க்கரை மாத்திரைகளாலும் இப்படி ஆகும்.

முதல் தடவை குத்திப் பார்த்தபோது 58. மறுபடி கொடுத்த பிறகு 94. அப்போதுதான் என் கை வலிப்பதே எனக்குத் தெரிந்தது.

விடிந்ததும் அவர் சமையலறைக்கு வந்தார். தரையில் எறும்புச் சாரி, நசுங்கிய சம்படம், வீங்கிய என் விரல்கள், எல்லாவற்றையும் பார்த்தார். "ஏம்மா, மாத்திரை போடறியா இல்லையா? நிஜத்தைச் சொல்லு" என்றார். அழுதுவிட்டேன். நான் மாத்திரையை நிறுத்தியதால் கை விறைத்தது. கை விறைத்ததால் அவர் பட்டினி படுத்தார். பட்டினி படுத்ததால் உயிர் போகப் பார்த்தது. ஒருவர் மேல் ஒருவர் வைத்த கரிசனம்தான் இத்தனைக்கும் காரணம்! இரண்டு பேருமே வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஹோட்டலில் நாலு இட்லி வாங்கியிருந்தால் போயிற்று.

அந்த வாரமே திருச்சிக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். அதுவரை அவரவர் டாக்டரை அவரவர் தனியாகப் பார்ப்பதுதான் வழக்கம். என் டாக்டர் திட்டவில்லை. மாத்திரையை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னார். வேறொரு நாளில் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. குமட்டல் பெரும்பாலும் தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது. இதைக் கேட்காமல் எத்தனை நாளை வீணடித்தேன்!

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு என்னவென்றால், காலையில் காபிக்கு முன்னால் கணக்கு வாத்தியார் "மார்க் சொல்லு" என்பார். பத்துக்கு என் கை எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டும். எட்டு என்றால் சமையல் என்னுடையது. நாலு என்றால் தேங்காய் துருவுவது, குக்கர் மூடுவது, துணி பிழிவது, தலை பின்னுவது எல்லாம் அவர். அவரும் தன் மார்க்கைச் சொல்ல வேண்டும். நாசூக்குக்காகக் கூட்டிச் சொன்னால் இருவருக்குமே தண்டனை உண்டு. அது என்ன என்று எழுத மாட்டேன்.

குளுகோஸ் பாக்கெட்டைப் பிரித்து, கவிழ்த்தாலே திறக்கிற லேசான மூடி போட்ட டப்பாவில், கட்டில் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். ஊசி போடுவதற்கு முன்னால் தட்டில் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும் என்பது சட்டம். புதிய இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும். உறைய வைக்கிற மேல் பெட்டியில் ஒருநாளும் வைக்கக் கூடாது, கெட்டுவிடும்.

ராத்திரி படுக்கும் முன் அவர் பாதங்களை நான் பார்ப்பேன். சர்க்கரையால் அவருக்குக் காலில் உணர்ச்சி குறைவு. விரல் மடங்காவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. போன ஆடியில் குதிகாலுக்குப் பக்கத்தில் நெருஞ்சி முள் தைத்து, சுற்றிலும் சிவந்திருந்தது. மனிதருக்குத் தெரியவே இல்லை! அதே கால்களோடு சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்திருக்கிறார்.

அவர் தவறாத ஆளென்றும் நினைக்காதீர்கள். ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி வந்து, ஆசையாக எனக்கு நிரப்பிக் கொடுத்தார். திறந்து பார்த்தால், வாரத்துக்கு ஒரு தடவை போடவேண்டிய மெத்தோட்ரெக்சேட் ஏழு அறையிலும்! தினமும் போட்டிருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்களே குறைந்து, உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். இப்போது அந்த மாத்திரை தனி டப்பாவில். தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாளில் மட்டும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறார். இளம் பெண்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: கர்ப்பத்தில் இந்த மருந்து ஆகவே ஆகாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே, முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முடக்கத்தான் கீரை தோசை சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. நானும் சுடுகிறேன், ருசியாகவே இருக்கிறது. மாத்திரையை மட்டும் விடுவதில்லை.

என் நாத்தனாருக்கு இந்த ஏற்பாடெல்லாம் பிடிக்கவில்லை. "எங்கண்ணனைத் துணி பிழிய வச்சுட்டியே" என்று முகத்துக்கு நேரே கேட்டார். அவர்தான் பதில் சொன்னார்: "அவ முப்பது வருஷம் பிழிஞ்சா. நான் இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கேன்?" அப்புறம் நாத்தனார் பேச்சை மாற்றி மாப்பிள்ளை வீட்டுக் கதைக்குப் போய்விட்டார்.

சண்டையே இல்லை என்று சொன்னால் பொய். கல்யாண வீட்டில் அவர் ஜாங்கிரியைக் கையில் எடுத்தால் எனக்கு இன்னமும் சுருக்கென்கிறது. முன்பெல்லாம் பந்தியிலேயே கண்ணை உருட்டுவேன். "நீ பெண்டாட்டியா, போலீஸா?" என்று அவர் இரண்டு நாள் பேசாமல் இருந்ததுண்டு. இப்போது பாதி பிட்டு என் இலையில் வைத்துவிடுகிறார். நானும் மீதிப் பாதியைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். சில நாள் வலி தாங்காமல், "இவருக்கு மட்டும் நடமாட முடிகிறதே" என்று பொறாமைகூட வரும். அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். "உனக்கு மட்டும் பாயசம் கிடைக்கிறதே என்று எனக்கும் இருக்கு" என்றார்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது, அவள் இடுப்பிலிருந்த குழந்தை தூங்கிப்போயிருந்தது. போகும்போது அலமாரியில் இருந்த நசுங்கிய சம்படத்தைத் தொட்டுப் பார்த்தாள். அதில் இப்போது புளி போட்டு வைத்திருக்கிறேன். மூடி சரியாக உட்காருவதில்லை. புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். நான்தான் வேண்டாம் என்கிறேன்.