மீனைப் பார்த்து மீன் செய்வோம்

காலியான செருப்புப் பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே நீலம் பூசி, அட்டை மீன்களை நூலில் தொங்கவிட்டு, முகப்பில் கண்ணாடித்தாள் ஒட்டினால் பிள்ளைகளுக்கு ஒரு மீன்தொட்டி கிடைத்துவிடுகிறது. செலவில்லாத, நல்ல வேலை. ஆனால் அதற்குள் இருக்கும் மீன்கள் பெரும்பாலும் ஒரே அச்சு: முட்டை வடிவ உடம்பு, முக்கோண வால், சிரிக்கும் வாய். பெரியவர் வரைந்து கொடுத்ததைப் பிள்ளை வெட்டி ஒட்டியிருக்கும். கைக்குப் பழக்கம் கிடைத்தது, கண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டியை எடுப்பதற்கு முன் பிள்ளை உண்மையான மீனை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த விளையாட்டின் பெரும்பயன் அந்தப் பார்வையில்தான் இருக்கிறது.

அதற்காக எங்கும் அலைய வேண்டாம். குழம்புக்கு வாங்கிய மீனை ஆய்வதற்கு முன் ஒரு தட்டில் வைத்துக் காட்டினால் போதும். மீன் சமைக்காத வீட்டார் சந்தையில் ஒரு மீன்கடை முன் கொஞ்ச நேரம் நிற்கலாம். கட்லா, ரோகு, மிருகால் மூன்றையும் ஒரே குளத்தில் சேர்த்து வளர்ப்பார்கள். ஒன்றின் இரைக்கு இன்னொன்று அதிகம் போட்டிக்கு வராது என்பதே காரணம். கட்லாவின் அகன்ற வாய் மேல்நோக்கித் திறக்கும், அது நீரின் மேல்மட்டத்தில் மேய்வது. ரோகு நடுவில் மேயும். மிருகாலின் வாய் சற்றே கீழ்ப்பக்கம் இருக்கும், அதற்கு இரை குளத்தடியில். இதைப் பார்த்த பிள்ளைக்குப் பெட்டியில் எந்த மீனை எந்த உயரத்தில் தொங்கவிடுவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெளுத்தியைக் கண்டால் அதற்குச் செதில் ஒட்டாது, மீசைக்கு நூல் தேடும். வஞ்சிரத்தைக் கண்டால் முதுகைக் கருநீலமாகவும் வயிற்றை வெள்ளியாகவும் தீட்டும். மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அந்த முதுகு ஆழத்து இருட்டோடும், கீழிருந்து பார்ப்பதற்கு வயிறு வெளிச்சத்தோடும் கலந்து மறைந்துவிடும் என்பதை அந்த நேரத்தில் சொல்லலாம்.

உடம்புக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் கெட்டி அட்டை பொருத்தம். செதிலுக்கு வெங்காயச் சருகு. அதை வாலிலிருந்து தொடங்கித் தலைப்பக்கமாக, ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று படிய ஒட்ட வேண்டும். மீனின் செதில்களும் வாலை நோக்கித்தான் படிந்திருக்கின்றன. ஒற்றை நூலில் தொங்கும் மீன் சுழன்றுகொண்டே இருக்கும், இரண்டு இடத்தில் கட்டினால் நிலைக்கும். பெட்டியின் மேற்புறத்தில் நீளமாகக் கீறி, நூல் முனைகளைத் தீக்குச்சியில் கட்டிவிட்டால் மீனை நகர்த்தலாம். தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் வேண்டவே வேண்டாம். உதிர்ந்து சாக்கடை வழியாக நிஜ மீன்கள் வாழும் நீருக்கே போய்ச் சேரும்.

‘இத்தனை பாடு எதற்கு, நிஜத் தொட்டியே வாங்கிக் கொடுத்தால் பொறுப்பும் வருமே’ என்பவர்கள் உண்டு. பொறுப்பு வரும், நியாயமான பேச்சுதான். ஆனால் ஆசைக்கு வாங்குவது பெரும்பாலும் சிறு கண்ணாடிக் கிண்ணம். வடிகட்டி இல்லாத கிண்ணத்தில் மீனின் கழிவிலிருந்து அம்மோனியா சேர்ந்து அதையே கொல்லும். தங்கமீன் ஒரு சாணுக்கு மேல் வளரக்கூடியது, நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து ஆண்டுக்கு மேலும் வாழும். சலித்துப்போய் ஏரியில் விட்டால் வேறு கேடு: தென் அமெரிக்காவைச் சேர்ந்த, ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்படும் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி வலைகளைக் கிழிக்கிறது. அட்டை மீனில் பழகிய பிறகு நிஜத் தொட்டிக்குப் போவதே உயிர்களுக்கு நல்லது.

கைப்பேசியில் பவளப்பாறையையே பார்க்கலாமே என்பது இன்னொரு கேள்வி. நீந்தும் அழகைக் காட்ட வீடியோவை மிஞ்ச முடியாது. மீன் வாலைப் பக்கவாட்டில் வீசுவதும் டால்பின் மேலும் கீழுமாக அடிப்பதும் அதில் தெளிவாகத் தெரியும். ஆனாலும் நூறு முறை பார்த்த பிள்ளைகூடக் கத்தரிக்கோலைக் கையில் எடுத்ததும்தான் வயிற்றுப் பக்கம் எத்தனை துடுப்பு என்று கேட்கும். வீடியோவை நிறுத்தி எண்ணிப் பார்க்க அதுதான் சரியான நேரம்.